ஃபெஸ், முதல் நாள்: மதுரையை எழுதி வைத்த ஊர்

மொராக்கோ நாட்குறிப்பு, நாள் 1, செவ்வாய்க்கிழமை

பாங்கொலியில்தான் கண் விழித்தேன். முதலில் எங்கோ தொலைவில் ஒரு குரல். அது முடிவதற்குள் அருகில் இன்னொன்று எழுந்தது. அப்புறம் நாலா பக்கமும். போர்வையைச் சுற்றிக்கொண்டு விடுதியின் மொட்டை மாடிக்கு ஏறினேன். இன்னும் விடியவில்லை. நவம்பர் முதல் வாரத்துக் குளிர் விரல் நுனியில் கடித்தது. கீழே ஒரு பெரிய கிண்ணத்துக்குள் கிடப்பதுபோல் பழைய நகரம் கிடந்தது. தட்டையான மாடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன. நடுவில் தெரு என்று ஒன்று ஓடுவதற்கான அடையாளமே மேலிருந்து தெரியவில்லை.

நேற்று இரவு வந்து சேர்ந்தபோது இதெல்லாம் கண்ணில் படவில்லை. காசாபிளாங்காவிலிருந்து ரயிலில் ஏறத்தாழ நாலு மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து சிவப்பு டாக்ஸி, அதுவும் கோட்டை வாசல் வரைக்கும்தான். அதற்குமேல் மோட்டார் வண்டி எதுவும் போகாது. விடுதியிலிருந்து வந்த பையன் என் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு முன்னால் நடக்க, திருப்பங்களை எண்ணிக்கொண்டே பின்னால் போனேன். எட்டு வரை எண்ணினேன். ஒன்பதாவது திருப்பத்தில் பூனை ஒன்று காலுக்குக் குறுக்கே ஓடியது, கணக்கு விட்டுப்போனது.

மொராக்கோ போகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் மராகேஷுக்குப் போ, பாலைவனத்தில் ஒட்டகம் ஏறு என்றார்கள். அவை பின்னால் வரட்டும். எனக்கு முதலில் ஃபெஸ். நான் பிறந்து வளர்ந்தது மதுரை தெற்கு மாசி வீதியில். பள்ளியில் வரலாறு நடத்த ஆரம்பித்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. மதுரை சுல்தான்களைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் இப்னு பதூதாவின் பெயரைச் சொல்வேன். 1304-ல் மொராக்கோவின் தாஞ்சியரில் பிறந்த உலகப் பயணி. 21 வயதில் மெக்காவுக்கு என்று கிளம்பி, சொந்த நாட்டுக்குத் திரும்ப ஏறத்தாழ கால் நூற்றாண்டு எடுத்துக்கொண்டவர். நடுவில், 1340-களில், மதுரையில் இருந்தவர். அங்கே தான் கண்டதையெல்லாம் அவர் வாயால் சொல்ல, இன்னொருவர் எழுதி முடித்த ஊர் ஃபெஸ்; முடித்தது 1355 டிசம்பரில். மூன்று வருடத்துக்கு முன்பு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "மிஸ், நீங்கள் அந்த ஊரைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அன்று மாலையே வங்கியில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கினேன்.

விடுதி நடத்துபவர் அறுபது தாண்டியவர். எல்லோரும் அவரை ஹாஜ் என்று மரியாதையாக அழைக்கிறார்கள், நானும் அப்படியே அழைத்தேன். காலையில் நான் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்ததைப் பார்த்துவிட்டு, "அதை உள்ளே வையுங்கள், லல்லா" என்றார். லல்லா என்றால் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல், நம் அம்மா மாதிரி. "இங்கே சுவர்கள் உயரம், சந்துகள் குறுகல். அந்தக் கருவி உங்களைப் பக்கத்து வீட்டு அடுக்களையில் நிறுத்தும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இறங்கினால் ஆறு. ஏறினால் வாசல்." நாள் முழுவதும் எனக்குக் கைகொடுத்தது அந்த ஒரு வாக்கியம்தான். முதன்மையான இரண்டு தெருக்களுக்கும் பெயர் தலா கபீரா, தலா ஸ்கீரா. தலா என்றால் ஏற்றம். பெரிய ஏற்றம், சிறிய ஏற்றம். ஊரின் பெயர்ப்பலகையே வழி சொல்லிவிடுகிறது.

பாப் பூஜ்லூத் வாசலுக்கு வெளியே போய், அங்கிருந்து முறையாக உள்ளே நுழைந்தேன். படங்களில் எல்லோரும் பார்க்கும் நீல வாசல் இதுதான். ஊரைவிட வயதில் மிக இளையது. பிரெஞ்சுக்காரர்கள் வந்த பின் 1913-ல் கட்டியது. வெளிப்பக்கம் நீல ஓடு, உள்பக்கம் பச்சை ஓடு. அதன் வளைவுக்குள் நின்று பார்த்தால் பூ இனானியா மதரசாவின் மினாரா நேராகத் தெரிகிறது. நான் தேடி வந்த கட்டடம் அது. ஆனால் வெறும் வயிற்றோடு அங்கே போக மனமில்லை.

வாசலைத் தாண்டியதும் ஒரு சின்னக் கடை, அகலவாய் மண்பானை, அதில் கொதிக்கும் பிஸ்ஸாரா. காய்ந்த மொச்சை வகைப் பருப்பை வேகவைத்து மசித்த கஞ்சி. கிண்ணத்தில் ஊற்றி, மேலே ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெய், ஒரு சிட்டிகை சீரகத்தூள், பக்கத்தில் கால்வட்ட ரொட்டி. சுமை தூக்குபவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சீரக வாசம் மூக்கில் ஏறியதும் வந்த ஊர் அந்நியமாகத் தோன்றுவது நின்றுவிட்டது. காலைப் பசிக்கு இதைவிட நல்லது இந்த ஊரில் கிடையாது என்று முதல் நாளே துணிந்து சொல்கிறேன்.

தலா கபீராவில் இறங்கத் தொடங்கிய சில அடிகளிலேயே இடப்பக்கம் உயரத்தில் ஒரு சுவர். அதில் வரிசையாகப் பன்னிரண்டு சிறு சாளரங்கள், கீழே மரத் தாங்கிகள். நின்று பார்ப்பவர்கள் யாருமில்லை. இது தார் அல்-மகானா, நீர்க்கடிகார வீடு. 1357-ல் முடிந்தது. ஒவ்வொரு மணிக்கும் ஒரு சாளரக் கதவு திறந்து, ஓர் உலோக உருண்டை கீழே இருக்கும் பித்தளைக் கிண்ணத்தில் விழுமாம். கிண்ணங்களைப் பழுது பார்ப்பதற்காகக் கழற்றி வைத்திருக்கிறார்கள். சுவரும் சாளரமும் மட்டும் இருக்கின்றன. தொழுகை நேரம் தவறக்கூடாது என்பதற்காக இவ்வளவு பாடுபட்ட ஒரு காலத்தின் கீழே நின்றுகொண்டிருக்கிறோம் என்று நினைத்தபோது சிலிர்த்தது.

எதிரே மதரசா. நான் கொடுத்த கட்டணம் 20 திர்ஹம். திர்ஹம் இந்த நாட்டு நாணயம். வெண்கலக் கதவைத் தாண்டிப் படியேறி முற்றத்துக்குள் காலை வைத்தேன். வைத்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

நடுவில் திறந்த வானம். தரை சலவைக்கல். சுவரில் இடுப்பளவுக்கு ஸெல்லீஜ் என்னும் வண்ண ஓட்டுத் துண்டுகள். ஒவ்வொரு துண்டையும் கையால் செதுக்கி, நட்சத்திரமும் பலகோணமுமாகக் கோத்திருக்கிறார்கள். அதற்கு மேலே ஒரு பட்டை எழுத்து. எழுத்துக்கு மேலே சுண்ணச்சாந்தில் கொடியும் பூவும். அதற்கும் மேலே தேவதாரு மரம், கரும்பழுப்பு நிறத்தில், கூரை விளிம்பு வரை. எந்த இடத்திலும் கைவேலை இல்லாத ஒரு சாண் சுவர் இல்லை. அப்படியிருந்தும் கண் களைக்கவில்லை. முற்றத்தின் ஒரு ஓரத்தில் சிறு வாய்க்கால் ஓடுகிறது, ஆற்றிலிருந்து பிரித்துக் கொண்டுவந்த தண்ணீர். அதைத் தாண்டினால் தொழுகைக் கூடம். முஸ்லிம் அல்லாதவர்கள் போகக் கூடாது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருந்த திண்ணையில் உட்கார்ந்தேன். எழுந்தபோது ஒன்றே கால் மணி நேரம் போயிருந்தது.

இதைக் கட்டியவர் மரீனி வம்சத்து சுல்தான் அபூ இனான். 1350-ல் தொடங்கி 1355 வரை வேலை நடந்தது. இப்போது அந்த இன்னொரு தேதியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இப்னு பதூதாவைக் கூப்பிட்டு, நீ பார்த்ததையெல்லாம் சொல், எழுதி வைக்கட்டும் என்று உத்தரவிட்டவரும் இதே அபூ இனான்தான். எழுதுவதற்கு நியமிக்கப்பட்டவர் கிரனாடாவைச் சேர்ந்த இப்னு ஜுஸய் என்ற இளம் கவிஞர். ஆக, இந்த முற்றத்தில் உளிகள் ஓடி ஓய்ந்த அதே ஆண்டில், இதே ஊரில், மதுரையைப் பற்றிய வரிகள் மையில் ஏறிக்கொண்டிருந்தன. மூன்றே ஆண்டுகளில், 1358-ல், அபூ இனானைத் தன் அமைச்சரே கொன்றுவிட்டார். கட்டடம் நின்றது. நூலும் நின்றது.

அந்த நூலில் மதுரை எப்படி இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லாமல் நான் இங்கே வந்ததற்கு அர்த்தமில்லை.

டெல்லியில் இருந்தபோதே இப்னு பதூதா மதுரை சுல்தான் அஹ்சன் ஷாவின் மகளை மணந்திருந்தார். இலங்கையில் சிவனொளிபாத மலை ஏறிவிட்டுத் திரும்பும் வழியில் கப்பல் நம் கரைக்கு அருகே புயலில் சிக்கியது. தப்பிக் கரையேறியவர், அப்போது சுல்தானாக இருந்த கியாசுதீனின் முகாமுக்குப் போனார். கியாசுதீனின் மனைவியும் அஹ்சன் ஷாவின் மகள்தான், எனவே உறவுமுறை. உறவு என்பதற்காக அவர் எதையும் மறைக்கவில்லை. கியாசுதீன் பிடிபட்ட கிராமத்து மக்களைக் கழுவேற்றியதையும், பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதையும் எழுதச் சொல்லியிருக்கிறார். வேறெந்த அரசனும் இப்படிச் செய்து தான் கண்டதில்லை என்று கண்டிக்கிறார். போசள மன்னன் வல்லாளனைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறார்.

பிறகு மதுரைக்குள் நுழைகிறார். பெரிய ஊர், அகலமான தெருக்கள் என்கிறார். அந்த ஊரில் அப்போது கொள்ளைநோய். நோய் கண்டவர்கள் இரண்டு மூன்று நாளில் இறந்தார்கள். ஒரு நாள், முன்பு அமைச்சராக இருந்த ஒருவரின் மனைவி, எட்டு வயது மகனைக் கூட்டிக்கொண்டு அவரிடம் வந்து வறுமையைச் சொல்லி அழுகிறாள். இருவருக்கும் பணம் கொடுக்கிறார். இருவரும் நல்ல உடல்நலத்தோடு இருந்தார்கள். மறுநாள் காலை அந்தத் தாய் திரும்பி வருகிறாள், மகனுக்குப் போர்த்தத் துணி கேட்டு.

இந்தப் பகுதியை வகுப்பில் ஒரு முறைகூட என்னால் முழுதாக வாசிக்க முடிந்ததில்லை. 1340-களில் மதுரைத் தெருவில் இறந்த, பெயர் தெரியாத ஓர் எட்டு வயதுச் சிறுவனை நாம் அறிந்திருக்கிறோம் என்றால், பல்லாயிரம் மைல் தள்ளி, இந்த ஊரில் ஒருவர் அதை நினைவுகூர்ந்து சொன்னதாலும் இன்னொருவர் அதை எழுதிக்கொண்டதாலும்தான். அந்த நன்றியைச் சொல்வதற்கு இங்கே ஒரு கல்லறையோ பலகையோ நான் தேடவில்லை. வாய்க்கால் ஓரத்தில் அந்தப் பையனுக்காகக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

மதரசாவை விட்டு வெளியே வந்து இறங்கத் தொடங்கினேன். "பாலக்! பாலக்!" என்ற கூச்சல் முதுகுக்குப் பின்னால். வழி விடு என்று பொருள். திரும்பிப் பார்க்க நேரமில்லை, சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கோவேறு கழுதை ஒன்று இரண்டு பக்கமும் எரிவாயு சிலிண்டர்களைச் சுமந்து உரசிக்கொண்டு போனது. அதன் பின்னால் இன்னொன்று, உப்புப் போட்ட ஆட்டுத்தோல் மூட்டைகளோடு. இந்த ஊரில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சந்துகள் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்கிறார்கள். சில இடங்களில் இரண்டு கைகளையும் விரித்தால் இரு சுவரையும் தொட்டுவிடலாம். ஓரிடத்தில் தோளைத் திருப்பிக்கொண்டுதான் போக முடிந்தது.

அங்கே நிற்கும்போதுதான் ஒன்று உறைத்தது. "அகலமான தெருக்கள்" என்று மதுரையைப் பற்றி அவர் சொன்னதை வெறும் வர்ணனை என்றே இத்தனை ஆண்டும் படித்திருந்தேன். அந்த நூலை முதலில் படித்தவர்கள் இந்தச் சந்துகளில் தோளைத் திருப்பி நடந்தவர்கள். அவர்களுக்கு அது எத்தனை பெரிய செய்தி! இன்றைய மாசி வீதிகள் நாயக்கர் காலத்தில் ஒழுங்குபட்டவை, அவர் நடந்தது அதற்கும் முந்தைய மதுரையில். ஆனாலும் தேர் ஓடும் வீதியில் வளர்ந்த எனக்கு, அந்த இரண்டு சொற்களின் எடை இந்தச் சுவரில் முதுகை ஒட்டி நின்றபோதுதான் தெரிந்தது.

வழியில் ஒரு பொது அடுப்பு. ஃபர்ரான் என்கிறார்கள். வீட்டில் பிசைந்து தட்டிய மாவை மரப்பலகையில் வைத்து, துணி மூடி, பிள்ளைகள் தலையில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். குகைபோன்ற அறைக்குள் ஒருவர் நீளமான மரத்துடுப்பால் ரொட்டிகளை உள்ளே தள்ளுவதும் எடுப்பதுமாக இருந்தார். எந்த ரொட்டி யார் வீட்டுடையது என்று எப்படித் தெரியும் என்று சைகையில் கேட்டேன். சிரித்துக்கொண்டே தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். ஒவ்வொரு வீட்டுக் கையும் மாவைத் தட்டும் விதம் வேறு. சூடான ரொட்டி ஒன்றை என் கையில் வைத்து, காசு வாங்க மறுத்துவிட்டார்.

அத்தாரீன் பகுதிக்கு வந்ததும் மூக்கே முன்னால் போகிறது. அத்தர், மசாலா, மூலிகை விற்பவர்களின் கடைத்தெரு. உலர்ந்த ரோஜா மொட்டு, இலவங்கப்பட்டை, சுக்கு, ஆலமரப் பொந்துபோன்ற கடைகளுக்குள் சாக்குச் சாக்காக. ஒரு கடையில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எந்த நாடு என்றார். ஹிந்த் என்றேன். முகம் மலர்ந்து, ஷாருக் கான், அமிதாப் பச்சன் என்று இரண்டு பெயர்களைச் சொல்லி நெஞ்சில் கை வைத்தார். இங்கே இந்தியர்கள் எல்லோருக்கும் இந்த வரவேற்பு உண்டு. நான் ஒரே ஒரு சொல் சொன்னேன்: "தமர் ஹிந்தி இருக்கிறதா?"

தமர் ஹிந்தி என்றால் இந்தியப் பேரீச்சை. நம் புளிக்கு அரபிகள் வைத்த பெயர். ஆங்கிலத்தின் டாமரிண்ட் அதிலிருந்து வந்ததுதான். அவர் எழுந்து, பின்னாலிருந்த தட்டில் கைவிட்டு, பிளாஸ்டிக் தாளில் சுற்றிய கறுத்த கட்டி ஒன்றை எடுத்தார். கத்தியால் ஒரு மூலையை வெட்டினார். நாரும் கொட்டையுமாக, கொஞ்சம் காய்ந்து, ஓரத்தில் மின்னிக்கொண்டிருந்தது. கிள்ளி வாயில் போட்டேன். பல் கூசியது. நம் வீட்டு அடுக்களைச் சாடியில் உப்புப் போட்டு அடைத்து வைத்திருக்கும் அதே பழம்புளி.

இதை ஏன் கேட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். மதுரையில் இப்னு பதூதாவுக்கும் கடும் காய்ச்சல் வந்தது. பிழைக்க மாட்டோம் என்றே நினைத்தார். அந்த நாட்டில் ஏராளமாகக் கிடைக்கும் புளியில் ஒரு ராத்தல் அளவு எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு போனது. பிழைத்துக்கொண்டார். அது இறைவன் தன் மனதில் தோன்றச் செய்த வைத்தியம் என்று சொல்கிறார். நம் பாட்டிமார் வாயில் இருந்த ராத்தல் என்ற சொல்லும் அரபி வழியே வந்ததுதான். மதுரைப் புளி அவரைக் காப்பாற்றியிருக்காவிட்டால் அந்த நூல் இல்லை. அந்தச் சிறுவன் இல்லை. நம்மிடம் அந்தக் காலத்து மதுரை இவ்வளவு துலக்கமாக இல்லை.

கடைக்காரருக்கு இந்தக் கதையை அரைகுறை பிரெஞ்சிலும் கையசைவிலும் சொன்னேன். இப்னு பதூதா என்ற பெயர் மட்டும் அவருக்குப் பிடிபட்டது. "தாஞ்சி! தாஞ்சி!" என்றார், தாஞ்சியர்க்காரர் என்று. கால் கிலோ நிறுத்து, பழைய செய்தித்தாளில் கட்டிக் கொடுத்தார்.

காரவீயீன் பள்ளிவாசல் அங்கிருந்து நாலு எட்டுத்தான். துனிசியாவின் கைரவான் நகரிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்த ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண், தகப்பனார் விட்டுச்சென்ற சொத்தைக் கொண்டு 859-ல் எழுப்பியது என்பது மரபு. சகோதரி மரியம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு பள்ளிவாசல் கட்டினார். உலகின் மிகப் பழைய பல்கலைக்கழகம் என்று யுனெஸ்கோ குறிப்பிடுவது இந்த இடத்தைத்தான். உள்ளே போக எனக்கு அனுமதியில்லை. திறந்திருந்த வாசலில் நின்று பார்த்தேன். வெண்ணிறத் தரை, நடுவில் நீரூற்று, கடைசியில் ஒரு மண்டபம், நீரூற்றில் கை கழுவும் ஒரு முதியவர். பக்கத்தில் நின்ற இரண்டு கல்லூரிப் பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். வருத்தமில்லை. ஒரு பெண் கட்டிய வாசலில் இரண்டு பெண்கள் நுழைவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் போதுமானதாக இருந்தது.

பள்ளிவாசலின் பின்புறம் ஸஃப்பாரீன் சதுக்கம். கன்னார்களின் இடம். தெருவுக்குள் நுழையும் முன்பே சத்தம் வந்துவிடுகிறது. ஒருவர் செம்புத் தட்டைக் காலிடுக்கில் பிடித்து, விளிம்பைச் சுத்தியலால் தட்டித் தட்டித் திருப்பினார். ஒரு அடிக்கு ஒரு விரல் அகலம் நகர்கிறது. எதிர்க்கடையில் தட்டுபவர் அந்தத் தாளத்தின் இடைவெளியில் தன் அடியை வைக்கிறார். கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விடும் ராட்சதக் கொப்பரைகள் சுவரோரம் கவிழ்ந்து கிடந்தன. நடுவிலிருக்கும் மரத்தடியில் புதினாத் தேநீர் வாங்கிக் குடித்தேன். புதினா ஒரு கைப்பிடி, சர்க்கரை அதைவிட அதிகம்.

அங்கிருந்து தோல் பதனிடும் தொட்டிகளுக்குப் போவதில்தான் இடறியது. ஒரு இளைஞன் எதிரே வந்து, "அந்த வழி இன்று அடைப்பு, நான் காட்டுகிறேன்" என்றான். அடைப்பு எதுவும் இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. வளைத்து வளைத்துக் கூட்டிப்போய் ஒரு தோல்பொருள் கடையின் மாடியில் நிறுத்தி, 100 திர்ஹம் கேட்டான். அதிகம் என்றேன். குரல் உயர்ந்தது. கை நடுங்கியது, மறைக்க விரும்பவில்லை. தனியாக வந்த பெண் என்று கணக்குப் போட்டுவிட்டான். 20 திர்ஹத்தை நீட்டி, "ஸாஃபி" என்றேன். போதும் என்று பொருள். காலையில் ஹாஜ் சொல்லிக்கொடுத்த இரண்டாவது பாடம். மாடியிலிருந்த வயதான கடை ஊழியர் ஒருவர் அவனிடம் ஏதோ கடுமையாகச் சொன்னார். போய்விட்டான். தனியாக வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: இந்த ஊரில் வழி கேட்பதாக இருந்தால் கடையில் உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள். தானாக வந்து வழி சொல்பவரிடம் வேண்டாம்.

அந்த முதியவர் ஒரு கொத்துப் புதினாவைக் கொடுத்து மூக்கருகே வைத்துக்கொள்ளச் சொன்னார். கீழே ஷுவாரா என்னும் தோல் பதனிடும் இடம். தேன்கூட்டு அறைகளைப்போலக் கல் தொட்டிகள். வெள்ளைத் தொட்டிகளில் சுண்ணாம்பும் மாட்டு மூத்திரமும். முடி கழல்வதற்கும் தோல் இளகுவதற்கும். புறா எச்சத்தில் ஊறவைத்து மென்மையாக்குவது அடுத்த கட்டம். பிறகு சாயத் தொட்டிகள். தொடை வரை நீரில் நின்று, ஒரு மனிதர் தோல்களைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார். மேலே நின்ற பயணிகள் மூக்கைப் பொத்தியபடி படமெடுத்தார்கள். நான் புதினாவைக் கைப்பையில் போட்டுவிட்டேன். அவர் நாள் முழுவதும் சுவாசிப்பதை நான் பத்து நிமிடம் சுவாசித்தால் ஒன்றும் ஆகிவிடாது என்று தோன்றியது. வயிறு புரட்டியது, உண்மை. ஆனால் படம் எடுக்கவில்லை.

மாலை ஐந்தரைக்கு ஆற்றுப் பக்கம் இறங்கி, டாக்ஸி பிடித்து, வடக்கே குன்றின் மேலிருக்கும் மரீனி கல்லறைகளுக்குப் போனேன். இடிந்த வளைவுகளும் வெற்றுச் சுவர்களும்தான் மிச்சம். உள்ளூர்க் குடும்பங்கள் வறுத்த சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு சுவர்களில் உட்கார்ந்திருந்தன. காலையில் இருட்டில் பார்த்த கிண்ணம் இப்போது மஞ்சள் வெயிலில். காரவீயீனின் பச்சை ஓட்டுக் கூரையை அடையாளம் கண்டுகொண்டேன். பூ இனானியாவின் மினாராவையும். சூரியன் மறைந்ததும் பாங்கொலி கீழிருந்து ஒவ்வொன்றாக மேலேறி வந்தது. குன்றின் மேலிருந்து கேட்கும்போது தனித்தனிக் குரல்களாக இல்லை, ஊரே மூச்சு விடுவதுபோல் இருந்தது.

திரும்பி வந்ததும் விடுதிச் சமையலறையில் ஒரு கண்ணாடிக் குவளை கேட்டேன். ஹாஜின் மனைவி தேநீர்க் குவளை ஒன்றைக் கொடுத்தார். பொட்டலத்தைப் பிரித்து, எலுமிச்சை அளவு புளியைக் கிள்ளி, வெந்நீரில் ஊறவைத்து, விரலால் கரைத்து, நாரையும் கொட்டையையும் பிழிந்து எடுத்தேன். அவர் அருகில் நின்று கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் வெல்லத்துக்குப் பதிலாக அவர் வைத்திருந்த சர்க்கரை. முதல் வாயை அவரிடம் நீட்டினேன். குடித்தார். முகம் சுளித்து, கண்ணை இறுக மூடித் திறந்து, குவளையைத் திருப்பித் தராமல் இன்னொரு வாய் குடித்தார்.

நாளை ஆற்றைக் கடந்து அந்தலூசியர் பகுதிக்கு. சகோதரி மரியம் கட்டிய பள்ளிவாசல் அங்கேதான் இருக்கிறது. ஹாஜின் மனைவி காலையில் ரொட்டிப் பலகையோடு ஃபர்ரானுக்குப் போகும்போது என்னையும் எழுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். மீதிப் புளியை அவருடைய அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன்.